முதுகு வலி: ஊசியா, கத்தியா, காத்திருப்பதா?

சங்கத்தில் பொங்கல் விழா என்றால் எனக்கென்று தனியாக ஒரு வரிசை சேர்ந்துவிடும். ஒரு கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை, மறு கையில் பெரிய பழுப்பு உறை. உறைக்குள் எம்.ஆர்.ஐ. படம். "டாக்டர் சார், ஒரே நிமிஷம். ஆபரேஷன் வேணுமா, ஊசி போதுமான்னு மட்டும் சொல்லுங்க." மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். இதனால் விழாக் குழுவினருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். பட்டிமன்றம் ஆரம்பிக்கத் தாமதமாகிறதாம். எல்லோருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மயக்க மருத்துவம் படித்தவன். இருபது ஆண்டுகளாக மும்பையில் வலி சிகிச்சை மட்டுமே செய்து வருகிறேன். அதாவது முதுகில் ஊசி போடுவதுதான் என் பிழைப்பு. நான் சொல்வதை அந்தக் கணக்கோடு படியுங்கள்.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் ஏழு, மார்புக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து, அதற்குக் கீழே ஒன்றாக ஒட்டிப்போன சில துண்டுகள் என்று அடுக்கி வைத்த எலும்புகள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான தோல், உள்ளே வழுவழுப்பான கூழ். நமக்கு வயதாக ஆக அந்தக் கூழில் நீர் வற்றும், வெளித்தோலில் கீறல் விழும். கீறல் வழியாகக் கூழ் பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பைத் தொட்டால் வலி காலுக்கு இறங்கும். இதைத்தான் "டிஸ்க் நழுவிவிட்டது" என்கிறோம். உண்மையில் எதுவும் நழுவுவதில்லை, பிதுங்குகிறது. உடம்பின் பாரமெல்லாம் இறங்கும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது பெரும்பாலும் நடக்கும். டிஸ்க்குகளைத் தவிர, ஒவ்வோர் எலும்புக்கும் பின்புறத்தில் இரண்டு சிறு மூட்டுகள் உண்டு. முழங்கால் தேய்வதுபோல் இவையும் தேயும்.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் கால் வலிக்கும் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1934-இல் எழுதினார்கள். அதுவரை எவருக்கும் சரியாகத் தெரியாத விஷயம் அது. ஆனால் அன்றிலிருந்து முதுகில் எது வலித்தாலும் டிஸ்க்கையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கமும் வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகு இது இன்னும் மோசமானது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. டிஸ்க் புடைத்திருப்பது இருபது வயதில் நூற்றுக்கு 30, எண்பதில் 84. ஆகவே உங்கள் அறிக்கையில் "டிஸ்க் புடைப்பு", "தேய்மானம்" என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தலை நரைத்திருக்கிறது என்று எழுதித் தருவது மாதிரிதான் அதுவும்.

பிறகு எதைப் பார்ப்பது? வலி எங்கே இருக்கிறது என்பதை. உறையைத் திறக்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "முதுகு அதிகமாக வலிக்கிறதா, கால் அதிகமாக வலிக்கிறதா?" என்பதுதான். பின்தொடை வழியாக முழங்காலையும் தாண்டி, கணுக்கால், கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுத்தால் அது நரம்பு அழுத்தம். முதுகிலேயே நின்று, நெடுநேரம் நின்றாலும் பின்னால் வளைந்தாலும் கூடினால் பின்மூட்டாக இருக்கலாம். குனிந்தாலும் உட்கார்ந்தாலும் கூடினால் டிஸ்க்காக இருக்கலாம். பெரும்பாலோருக்கு இன்ன இடம் என்று விரலை வைத்துச் சொல்லவே முடியாது. உலக அளவில் பத்தில் ஒன்பது பேருடைய இடுப்பு வலி இந்த வகைதான்.

இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் விளங்கும்.

தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். சாக்கு மூட்டையைத் தூக்கியபோது இடது கால் பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாக உட்கார முடியவில்லை. படத்தில் பெரிய துண்டு வெளியே வந்து கிடந்தது. எங்கோ ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துவிட்டு, மனசு கேட்காமல் என்னிடம் வந்தார். கால் விரல், கணுக்கால் எல்லாம் முழு பலத்தோடு இருந்தன. "அண்ணாச்சி, ஆறு வாரம் பொறுங்க" என்றேன். "துண்டு இம்புட்டுப் பெருசா கெடக்கே, டாக்டர்!" என்றார். வேடிக்கை என்னவென்றால், துண்டு பெரிதாக வெளியே வந்து கிடந்தால்தான் உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணிக் கரைத்துவிடும் வாய்ப்பும் அதிகம். அவருக்கு ஒரே ஓர் ஊசி போட்டேன், பொறுத்திருக்கத் தெம்பு வரட்டும் என்று. நான்கு மாதம் கழித்து எடுத்த படத்தில் துண்டைக் காணோம்.

இன்னொருவர் டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வரும் வங்கி ஊழியர், முப்பத்தைந்து வயதுப் பெண். வலி அவ்வளவு இல்லை, குறைந்துவிட்டது என்றே சொன்னார். போகிற போக்கில், "ரெண்டு நாளா செருப்பு கழண்டு விழறதுகூடத் தெரியலை, டாக்டர்" என்றார். எழுந்து குதிகாலால் நடக்கச் சொன்னேன், முடியவில்லை. பாதத்தைத் தூக்கும் நரம்பு செயலிழந்துகொண்டிருந்தது. வலி குறைந்தது நல்ல செய்தியே அல்ல. அந்த வாரத்திலேயே அறுவை நிபுணரிடம் அனுப்பினேன். ஊசி போட்டு அவர் நேரத்தை நான் வீணடித்திருக்கக் கூடாது.

அண்ணாச்சிக்குப் போட்ட ஊசியைப் பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது. பிரசவத்துக்குப் போடும் முதுகு ஊசியை வைத்து ஊரில் சொல்லும் கதைகளெல்லாம் இதற்கும் ஒட்டிக்கொண்டுவிட்டன. தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால்போலப் பிரிந்து தொங்குகின்றன. நாங்கள் ஊசி போடுவது பெரும்பாலும் அதற்கும் கீழே, அந்த நரம்புகளைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே. குப்புறப் படுக்க வைத்து, தோலை மரக்கச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்தி, ஒரு சாய மருந்தைச் செலுத்தி இடம் சரிதானா என்று உறுதி செய்த பிறகுதான் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவோம். இருபது நிமிட வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம், துணைக்கு ஆள் வேண்டும். திரை பார்க்காமல் போட்டால் மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று தெரியாது. ஆகவே "எக்ஸ்ரே பார்த்துத்தானே போடுவீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இந்த ஊசி பிதுங்கலைச் சரிசெய்யாது. நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தை வடியச் செய்யும். சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள் நிம்மதி. வாடகை வீடு மாதிரி, சொந்த வீடு அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் சர்க்கரை ஏறி நிற்கலாம். இருதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அபூர்வமாக நரம்பு பாதிப்பு, பக்கவாதம் வரை நேர்ந்திருப்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-இல் எச்சரிக்கை வெளியிட்டது. முதல் ஊசி கேட்காவிட்டாலும் "மூன்று ஊசி ஒரு செட்" என்று விலை பேசுகிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்.

பின்மூட்டு வலிக்கு வேறு முறை. அந்த மூட்டிலிருந்து வலியைச் சுமந்து போகும் மெல்லிய நரம்பை ரேடியோ அலையின் சூட்டால் பொசுக்குவது. ஊசி முனையில் எண்பது டிகிரி வெப்பம், ஒன்று ஒன்றரை நிமிடம். அதற்கு முன் அதே நரம்பை மரக்கும் மருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனையில் வலி விடாதவருக்குப் பொசுக்கியும் பயனில்லை. சோதிக்காமலே நேராகப் பொசுக்குவதும் நடக்கத்தான் நடக்கிறது. நரம்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வலி திரும்பலாம். நெதர்லாந்தில் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, பயிற்சியோடு இதையும் செய்துகொண்டவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பலன் இல்லை என்றது. ஆளைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லை என்று எங்கள் துறையினர் வாதிட்டோம். அந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு, பாதி தொழில் பாசம்.

எண்டோஸ்கோப் முறையில், விரல் நகத்தகலமே உள்ள துளை வழியாகக் குழாய் நுழைத்து, கேமராவில் பார்த்துக்கொண்டே பிதுங்கிய துண்டை எடுத்துவிடுகிறார்கள். முழு மயக்கம் தராமலும் செய்வதுண்டு. அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம். வழக்கமான நுண்ணோக்கி அறுவைக்கு இது கால் வலியைக் குறைப்பதில் இளைத்தது அல்ல என்று அறுநூறு பேருக்கு மேல் சேர்த்து நெதர்லாந்தில் நடத்திய இன்னொரு சோதனை 2022-இல் காட்டியது. ஆனால் துளை சிறியது என்பதால் காரணமும் சிறியதாக இருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. பெரிய அறுவைக்கு எந்தக் காரணம் வேண்டுமோ அதே காரணம் இதற்கும் வேண்டும். காலில் நரம்பு வலி, அதோடு பொருந்தும் படம், ஆறு வாரமாவது காத்திருந்தும் குறையாமை, அல்லது பலவீனம். வெறும் முதுகு வலிக்கு டிஸ்க் துண்டை எடுப்பதால் பயன் குறைவு. துண்டை எடுத்த பிறகும் நூறில் ஐந்து பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கும். விளம்பரங்களில் வரும் "லேசர்" என்ற சொல்லைப் பொருட்படுத்தாதீர்கள். ஓசோன் வாயு ஊசிக்கும் ஆதாரம் மெலிந்ததுதான்.

இந்த இடத்தில் பப்பாளியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. இறைச்சி வேகப் பப்பாளிக்காய் போடுவது நம் வீடுகளில் தெரிந்த கைவைத்தியம். லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த நொதியை முயலுக்கு ஊசி மூலம் ஏற்றினார். நிமிர்ந்திருந்த முயலின் காதுகள் சில மணி நேரத்தில் வாழையிலை வாடியதுபோல் தொங்கிப்போயின; பிறகு சில நாளில் நிமிர்ந்தன. காதின் குருத்தெலும்பை நொதி இளக்கிவிட்டிருந்தது. 1956-இல் அவர் எழுதிய இந்தக் கட்டுரையைப் படித்த லைமன் ஸ்மித் என்ற எலும்பு மருத்துவருக்கு, காதை இளக்குவது டிஸ்க்கின் கூழையும் இளக்காதா என்று தோன்றியது. 1963-இல் பப்பாளி நொதியை மனிதரின் டிஸ்க்கில் செலுத்தினார். வேலை செய்தது. 1982-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆயிரக்கணக்கானோர் கத்தியில்லாமல் குணமானார்கள். ஆனால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை, ஒருசிலருக்குக் கால்கள் செயலிழப்பு. பயம் பரவியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது. ஜப்பானில் 2018-இல் வேறொரு நொதிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. "புதுசா வந்திருக்கு, பக்க விளைவே கிடையாது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முயல்தான் ஞாபகம் வரும்.

வயதான தாய்மார்களுக்கு எலும்பு மெலிந்து, சும்மா தும்மினாலும் முதுகெலும்பு நொறுங்குவதுண்டு. நொறுங்கிய எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் முறை பிரான்சில் 1984-இல் தொடங்கியது. 2009-இல் வெளிவந்த இரண்டு சோதனைகளில் அது பாவனைச் சிகிச்சையைவிட மேலாக இல்லை. படுக்கையை விட்டு எழவே முடியாமல், முறிந்து சில வாரங்களே ஆனவர்களுக்கு மட்டும் நான் இன்னமும் யோசிக்கிறேன். சிமெண்ட் போட்டாலும் போடாவிட்டாலும் எலும்பு மெலிவுக்கு மருந்து தொடங்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி என் தவறு ஒன்று. எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது ஆண்டு. நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி, நம்மவர். பழுப்பு உறையோடு வந்தார். டிஸ்க் புடைப்பு என்று அறிக்கை. பெண் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, நிற்க முடிந்தால் போதும், ஊசி போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன். கல்யாணம் நடந்தது. அதற்கு மூன்று வாரம் கழித்து, கால்கள் தள்ளாட, கணவர் தோளைப் பிடித்தபடி வந்தார். புதிதாகப் படம் எடுத்தோம். இரண்டு எலும்புகள் அரித்துப்போய், நடுவே சீழ். காசநோய். அவர் முதலில் கொண்டு வந்தது எட்டு மாதத்துக்கு முந்தைய படம். நான் தேதியைப் பார்க்கவில்லை. இரவில் வலி கூடுகிறதா, சாயங்காலம் ஜுரம் வருகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று கேட்கவுமில்லை. மூன்றுமே இருந்திருக்கின்றன, கல்யாண அலைச்சலில் இளைத்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காசநோய்க் கிருமி இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் அது நோய்க்குச் சாதகம். அதைத்தான் நான் செய்தேன். ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டார். நடக்கிறார். முதுகில் கூன் நின்றுவிட்டது. அவர் என்னைக் குறை சொன்னதில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

எனவே இவற்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜுரம், எடை குறைதல், படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்ததற்குப் பின் வரும் வலி. இவை இருந்தால் ஊசிப் பேச்சே கூடாது, முதலில் காரணத்தைத் தேட வேண்டும். இன்னும் அவசரமானது ஒன்று உண்டு. சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலங்கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒன்றாகத் தளர்வது. குதிரை வால் நரம்புகள் மொத்தமாக நசுங்குகின்றன என்று பொருள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் எண்ணி அறுவை செய்ய வேண்டிய நிலை இது. நாள் கடந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

இதை ஏன் நமக்கென்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உடம்புக்கு என்ன வந்தாலும் "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்பது. அங்கே பேச்சு புரியும், செலவு குறைவு, அம்மா இருக்கிறாள், பக்கத்து ஊரில் எண்ணெய் போட்டு உருவுகிறவர் இருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் சிறுநீர் அடைத்தவரை இங்கிருந்து திருநெல்வேலிக்கு ரயிலேற்றினால் ஒரு முழு நாளும் அதற்கு மேலும் வண்டியிலேயே போய்விடுகிறது. அப்படிப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். கூச்சத்தால் மனைவியிடம்கூடச் சொல்லாமல், வெறும் முதுகு வலி என்றே டிக்கெட் எடுத்தார். இன்று குழாய் போட்டுக்கொண்டுதான் சிறுநீர் கழிக்கிறார். மரத்துப்போன இடம் எது என்று சொல்வதில் வெட்கப்பட வேண்டாம். ஹிந்தியோ மராத்தியோ வராவிட்டால் வரத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, அவசரம் எதுவுமில்லை, மூன்று மாதத்துக்கு மேலாக வெறும் முதுகு வலிதான் என்றால்? உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இதற்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. விளக்கிச் சொல்லுதல், உடற்பயிற்சி, மனத்தளவிலான உதவி, தேவையானால் சாதாரண வலி மாத்திரை. இடுப்புப் பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், அபின் வகை மருந்துகள் இவற்றை வழக்கமாகத் தரவேண்டாம் என்றது. நம் வீட்டுப் பரண்களில் எத்தனை பெல்ட்டுகள் கிடக்கும்! 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ஒரு நிபுணர் குழு இன்னும் ஒரு படி மேலே போய், நாட்பட்ட முதுகு வலிக்கு நான் மேலே சொன்ன ஸ்டீராய்டு ஊசியும் ரேடியோ அலையும் வேண்டாம் என்று உறுதியாகப் பரிந்துரைத்தது. வலி மருத்துவச் சங்கங்கள் பல மறுப்பு எழுதின. அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் காலை என் குறிப்பேட்டில் அந்த வாரம் ஊசிக்கு எழுதியிருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலுக்குப் புதிதாக இறங்கிய நரம்பு வலிக்காரர்களை அப்படியே வைத்துக்கொண்டேன். வருடக்கணக்கான முதுகு வலிக்காரர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு மறுபடி பேசினேன். இருவர் பயிற்சிக்கு ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் வேறு டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டார்.

பயிற்சி என்றவுடன் முகம் சுளிப்பவர்களுக்கு: நடை போதும். ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடத்திய சோதனை 2024-இல் வெளியாயிற்று. பிஸியோதெரபிஸ்டின் வழிகாட்டுதலோடு வாரம் சில நாள் நடந்தவர்களுக்கு வலி மறுபடி வர நடுவாக 208 நாள் ஆயிற்று, நடக்காதவர்களுக்கு 112 நாள். மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு ஐந்து தோட்டம் இருக்கிறது. தோட்டமில்லாதவர்களுக்கு ரயில்வே பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இருக்கிறது. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணியைத் தொடுங்கள். முதல் வாரம் வலி கொஞ்சம் கூடும், சேதம் என்று பயந்து படுத்துவிடாதீர்கள்.

அடுத்த பொங்கலுக்கும் உறையோடு வருபவர்கள் வரலாம், நான் பட்டிமன்றத்துக்கு முன்பே வந்துவிடுகிறேன். பழைய படங்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, சர்க்கரை அளவு எழுதிய தாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். படத்தின் மூலையில் இருக்கும் தேதியை முதலில் பார்ப்பேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்வேன்.